ரைடிங்: குதிரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள ‘ஈஸ்ட் ரைடிங்’ என்ற பகுதியின் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு தமிழாக்கினால் ‘கிழக்குச் சவாரி’ என்று வரும். ஒரே நாளில் குதிரையில் சுற்றி வந்துவிடக்கூடிய நிலம், அதனால்தான் அந்தப் பெயர் என்று கதை கட்டுவோரும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. ரைடிங் என்றால் மூன்றில் ஒரு பங்கு.

866இல் யார்க் நகரைப் பிடித்த வைக்கிங்குகள் (ஸ்காண்டிநேவியக் கடலோடிகள்) அதை யோர்விக் என்று அழைத்தார்கள். 954 வரை, விட்டும் தொட்டும் அவர்கள் ஆட்சிதான். அவர்களுடைய பழைய நோர்ஸ் மொழியில் மூன்றிலொரு பங்குக்குப் பெயர் ‘த்ரிதியுங்ர்’. அட்சய திருதியையில் இருக்கும் ‘திருதியை’க்கு வேரான வடசொல்லும் இதுவும் ஒரே தொல்வேரிலிருந்து கிளைத்தவை. ஆங்கிலேயர் வாயில் அது ‘த்ரிதிங்’ ஆனது. ‘நார்த் த்ரிதிங்’, ‘ஈஸ்ட் த்ரிதிங்’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள்: முன்சொல்லின் கடைசி ஒலி பின்சொல்லின் முதல் ஒலியை விழுங்கிவிடும். மிஞ்சியது ரிதிங், அதுவே நாளடைவில் ரைடிங்.

ஆக, யார்க்‌ஷயரில் வடக்கு, கிழக்கு, மேற்கு என்று மூன்று ரைடிங்குகள். தெற்கு எங்கே என்று கேட்டால், மூன்றோடு கணக்கு முடிந்துவிட்டது. யார்க் நகரம் மூன்றிலும் சேராமல் நடுவில் தனியாக நின்றது. ரைடிங்குக்கு உட்பட்ட பிரிவின் பெயர் ‘வேப்பன்டேக்’, அதாவது ஆயுதம் எடுத்தல். அதுவும் வைக்கிங் சொல்தான்.

மூன்றுக்கும் நிலமே வேறு. மேற்கில் பென்னைன் மலைத்தொடர், கம்பளி வெளுக்க ஏற்ற மென்னீர் ஓடைகள், நிலத்தடியில் நிலக்கரி. பிராட்ஃபோர்ட், ஹாலிஃபாக்ஸ் ஆலை நகரங்களானது இப்படித்தான். வடக்கில் மேட்டுநிலக் காடும் புதரும் ஆடுகளும். கிழக்கில் சுண்ணாம்புக் குன்றுகள், அவற்றைத் தாண்டினால் ஹோல்டர்னெஸ் களிமண் கரை. அந்தக் கரையை வடகடல் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் வீதம் தின்றுகொண்டிருக்கிறது. நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்பிய ராவன்சர் ஆட் என்ற துறைமுகமே 14ஆம் நூற்றாண்டில் கடலுக்குள் போய்விட்டது.

1889இல் ஒவ்வொரு ரைடிங்குக்கும் தனி மன்றம் அமைந்தது. 1974 உள்ளாட்சிச் சீர்திருத்தத்தில் மூன்றும் நீக்கப்பட்டன. கிழக்கு ரைடிங்கின் பெரும்பகுதி ஹம்பர்சைடு என்ற புதுக் கவுண்டிக்குள், அதாவது மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவுக்குள், போனது. அந்தப் பெயர் ஊர்க்காரர்களிடம் கடைசிவரை ஒட்டவேயில்லை. 1996இல் ஹம்பர்சைடைக் கலைத்துவிட்டு ஈஸ்ட் ரைடிங் என்ற பெயரை மீண்டும் கொண்டுவந்தார்கள்.

வேடிக்கை அயர்லாந்தில். டிப்பரேரி கவுண்டியை 1838இல் வடக்கு ரைடிங், தெற்கு ரைடிங் என்று இரண்டாகப் பிரித்தார்கள். மூன்றிலொரு பங்குகள் இரண்டு! சொல்லின் பொருள் அதற்கு எத்தனையோ காலம் முன்பே மறந்துபோயிருந்தது.

இச்சொல் கனடாவுக்கும் போனது. அங்கே பெரிய கவுண்டிகளைப் பிரித்த பகுதிகளை ரைடிங் என்றார்கள். அவையே தேர்தலுக்கும் அலகாக, இன்று பேச்சுவழக்கில் ரைடிங் என்றாலே தேர்தல் தொகுதிதான். டொரண்டோவில் தமிழர் நிறைந்த ஸ்கார்பரோவுக்குப் பெயர் கொடுத்ததும் யார்க்‌ஷயர் வடக்கு ரைடிங்கின் கடலோர ஊரான ஸ்கார்பரோவே. 2011இல் ராதிகா சிற்சபைஈசன் டொரண்டோ ஸ்கார்பரோவில் ஒரு ரைடிங்கில் வென்று கனடாவின் முதல் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கனடா என்றால் ‘தொகுதி’, யோசிக்கவே வேண்டாம். யார்க்‌ஷயருக்கு அது பொருந்தாது. ‘மாவட்டம்’ என்றால் கவுண்டியோடு குழம்பும். நம்மிடம் ‘கூற்றம்’ இருக்கிறது. கூறு என்பதிலிருந்து வந்த பழைய நிலப்பிரிவுப் பெயர். மிழலைக் கூற்றம், முத்தூற்றுக் கூற்றம் என்று பழைய கல்வெட்டுகளிலேயே உண்டு. எமனுக்கும் அதே பெயர் என்பது ஒரு சங்கடம்தான், ஆனாலும் ‘கீழ்க்கூற்றம்’ என்றால் யாரும் எமனை நினைக்கப் போவதில்லை. வரலாற்றுக் கட்டுரையில் முதல் இடத்தில் ‘ஈஸ்ட் ரைடிங் எனும் கீழ்க்கூற்றம்’ என்று எழுதிவிட்டு, அப்புறம் கீழ்க்கூற்றம் என்றே தொடரலாம். வரைபடத்திலும் முகவரியிலும் மட்டும் ரைடிங்கை அப்படியே விட்டுவிடுங்கள்.