எட்டாம் எண் தடியும் சோளகக் காற்றும்

சாதாரணத் தூண்டிலில் நாம் எறிவது ஈயக் குண்டை. தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. ஃபிளை தூண்டிலில் ஒழுங்கு தலைகீழாக இருக்கிறது. முள்ளில் இறகும் நூலிழையும் சுற்றிச் செய்த செயற்கை ஈக்கு எடை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அதை மட்டும் எறிந்தால் காலடியில்தான் விழும். அதனால் எறியப்படுவது நூல். பிளாஸ்டிக் பூசிய அந்தத் தடித்த நூல் தன் எடையாலேயே பறந்து, போகிற போக்கில் ஈயையும் கூட்டிச் செல்கிறது. தடி வாங்கப் புறப்படுபவர் இதை விளங்கிக்கொண்டால், கடைக்காரர் சொல்லும் பாதிக் கதை தேவையற்றது என்பதும் விளங்கிவிடும்.

ஒவ்வொரு தடியின் கைப்பிடிக்கு மேலேயும் ஓர் எண் எழுதியிருப்பார்கள். அது மீனின் அளவையோ தடியின் எடையையோ குறிப்பதில்லை. அந்தத் தடி தூக்கி எறியவேண்டிய நூலின் எண் அது. நூலின் முதல் 30 அடியை நிறுத்து அந்த எண்ணைத் தீர்மானிக்கிறார்கள். ஐந்தாம் எண் என்றால் 140 கிரெயின், அதாவது ஏறத்தாழ 9 கிராம். எட்டாம் எண் என்றால் 210 கிரெயின், ஏறத்தாழ 13.6 கிராம். நூலுக்கு இப்படி ஓர் அளவுகோல் இருக்கிறது. தடிக்கு அப்படி எதுவும் இல்லை. தடியிலுள்ள எண் அதைச் செய்தவரின் அபிப்பிராயம் மட்டுமே. போதாததற்கு, இப்போது விற்கும் நூல்களில் பல, உறையில் எழுதிய எண்ணைவிட அரை எண்ணோ ஓர் எண்ணோ கனமாகவே வருகின்றன.

இலங்கையில் இந்த வகைத் தூண்டிலுக்கு உரிய இடம் மலைநாடு. ஆங்கிலேயர் கொண்டுவந்துவிட்ட ட்ரவுட் மீன்கள் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் இன்றும் இருக்கின்றன. அங்கே நாலாம், ஐந்தாம் எண் தடி போதும். ஆனால் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்து ஓரத்திலோ மண்டைதீவுக் கரையிலோ நின்று கொடுவாவுக்கும் பாரைக்கும் எறிய நினைப்பவருக்கு அந்தத் தடி விளையாட்டுச் சாமான். மே மாதம் தொடங்கி சோளகம் வீசும்போது பரவைக்கடலில் காற்றை மறிக்க ஒரு பனைகூட இல்லை. இங்கே எட்டாம் எண் வேண்டும்.

காரணம் எளிய பௌதிகவியல். ஒரே வேகத்தில் பறக்கும்போது எட்டாம் எண் நூல் ஐந்தாம் எண்ணைப்போல் ஒன்றரை மடங்கு இயக்கப்பாட்டுச் சக்தியைத் தாங்கிச் செல்கிறது. தடித்த நூலைக் காற்றும் கூடுதலாகத் தடுக்காதா என்று கேட்கலாம். தடுக்கும்தான். ஆனால் காற்றில் உராயும் மேற்பரப்பு நூலின் விட்டத்துக்கு ஏற்பக் கூட, நிறையோ விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. கணக்கில் கனமான நூலே வெல்கிறது.

இனித் தடியின் வேலை. விளம்பரங்கள் எல்லாம் தடியை ஒரு வில்லாகவே வருணிக்கின்றன: வளைகிறதாம், சக்தியைச் சேமிக்கிறதாம், பிறகு நூலை உதைத்துத் தள்ளுகிறதாம். இதில் உண்மை இருக்கிறது, ஆனால் அரைகுறை உண்மை. தடி முதலில் ஒரு நெம்பு. நம் தோட்டக் கிணற்றுத் துலாவைப்போல, இந்தப் பக்கம் சிறிது அசைத்தால் அந்தப் பக்கம் பெரிதாக அசையும். கை ஒரு முழம் நகர, ஒன்பது அடி தள்ளியிருக்கும் நுனி பல அடி நகர்கிறது. நூலின் வேகத்தில் பெரும்பங்கு இங்கிருந்தே வருகிறது. வளையாத ஒரு கம்பைக் கொண்டும் நூலை எறிந்துவிடலாம். அழகாக வராது, அவ்வளவுதான்.

அழகு எங்கே கெடுகிறது என்று பார்த்தால் வளைவின் உண்மையான பயன் தெரியும். கை சுழலும்போது வளையாத கம்பின் நுனி வானத்தில் ஒரு வில்வளைவை வரையும். நூல் நுனியின் பாதையைத்தான் பின்பற்றும்; ஆகவே அகன்ற கண்ணியாக, அதாவது பக்கவாட்டில் கிடக்கும் U வடிவ மடிப்பாக, விரிந்து காற்றில் அடிபட்டுச் சோர்ந்துவிடும். வளையும் தடியிலோ, வீச்சின் நடுப்பகுதியில் நூலின் சுமையால் தடி வளைந்து குறுகுகிறது. முடிவில் நிமிர்ந்து நீள்கிறது. இந்தக் குறுகலும் நீளலும் கையின் சுழற்சியை ஈடுசெய்வதால் நுனி ஏறக்குறைய நேர்கோட்டில் ஓடுகிறது. அப்போது கையைச் சட்டென நிறுத்தினால், நூல் நுனியைத் தாண்டிப் பாய்ந்து ஒடுங்கிய கண்ணியாகிறது. கண்ணி முன்னேற முன்னேற, அதன் மேற்பக்கத்தில் இன்னும் பறந்துகொண்டிருக்கும் நூல் குறைந்துகொண்டே போகிறது. சக்தி சிறிய நிறைக்குள் ஒடுங்குவதால், காற்று பறித்துக்கொண்ட பிறகும் நுனிவரை திருப்பிப் போட மிச்சம் இருக்கிறது. சவுக்கின் நுனி வெடிப்பதும் இதே விதியால்தான்.

இங்கே ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: வளைவு, சுமைக்குப் பொருந்தியதாக இருக்கவேண்டும். மிகவும் விறைத்த தடியில் மெல்லிய நூலைப் பூட்டினால் தடி வளையவே வளையாது. பழைய வளையாத கம்பின் கதைதான். நடுவிலைத் தடிகளில் ‘வேகத் தடி’ என்று பெருமையாக விற்கப்படுபவை பல, புதியவர் கையில் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. வேகத் தடி என்றால் நுனிப்பக்க மூன்றில் ஒரு பங்கிலேயே பெரும்பாலும் வளைவது. நிதானத் தடி இடைவரை வளையும். ஒரு நிறுவனத்தின் வேகம் இன்னொன்றின் நிதானமாக இருக்கலாம். எறியப் பழகுபவர் நிதானத்துக்கும் வேகத்துக்கும் நடுவிலுள்ளதை எடுப்பதே நல்லது என்பது என் கட்சி. வேகத் தடிகளை விரும்புபவர்கள் சண்டைக்கு வரலாம்.

பெயர்களை நம்பாமல் அளந்து பார்க்க ஒரு வழியும் உண்டு. வில்லியம் ஹன்னமன் என்ற அமெரிக்கர் சல்லிக்காசை வைத்து அதை உருவாக்கினார். தடியைக் கிடையாகப் பிடித்து, நுனியில் சிறு பையைத் தொங்கவிட்டு, தடியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நுனி தாழும்வரை பைக்குள் ஒரு சதக் காசுகளைப் போட்டு எண்ணவேண்டும். அமெரிக்கச் சதம் ஒன்று இப்போது 2.5 கிராம். நமக்குக் காசு எதற்கு? பையில் மணலைப் போட்டுத் தராசில் நிறுத்தால் போயிற்று. (கஸ்தூரியார் வீதி நகைக்கடைத் தராசில் மணலை வைக்க விடுவார்களா என்பது வேறு விடயம்.) இரண்டு எட்டாம் எண் தடிகளை இப்படி நிறுத்துப் பார்த்தால், ஒரே எண்ணுக்குள் எவ்வளவு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது என்பது தெரியும்.

விலை எதனால் ஏறுகிறது? பிளந்து ஒட்டிய மூங்கில் ஒரு காலம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நம் படகுகளுக்கும் பயன்படும் ஃபைபர் கிளாஸ். 1973இல் ஃபென்விக் நிறுவனம் காபன் நார்த் தடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உயர்தரம் படித்தவர்களுக்கு யங்கின் மட்டு நினைவிருக்கும்; ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதன் அளவு அது. கண்ணாடி நாருக்கு அது ஏறத்தாழ 70 கிகாபாஸ்கல். சாதாரணக் காபன் நாருக்கு 230 அளவில். அடர்த்தியும் காபனுக்கே குறைவு. விலையுயர்ந்த தடிகளில் மட்டு இன்னும் கூடிய நாரைச் சேர்க்கிறார்கள். அதனால் சில கிராம் குறைகிறது. ஆனால் மட்டு கூடக்கூட, உடைவதற்கு முன் நார் தாங்கும் நீட்சி பொதுவாகக் குறைகிறது. கனமான ஈ ஒன்று பறக்கும்போது தடியில் மோதினால் கீறல் விழும்.

நார் கதையின் ஒரு பாதி; மற்றைய பாதி, வடிவம். பிசின் ஊறிய காபன் தாளை வெட்டி, கூம்பிச் செல்லும் உருக்குக் கம்பியில் சுற்றி, நாடாவால் இறுக்கி, அடுப்பில் வேகவைத்து, கம்பியை உருவி எடுத்தால் கிடைக்கும் குழாய்தான் தடி. சுவரின் தடிப்பு மாறாதபோது குழாயின் விறைப்பு விட்டத்தின் கனத்துக்கு (மூன்றாம் அடுக்குக்கு) ஏற்பக் கூடும். விட்டத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு. ஆகவே கம்பி எந்த இடத்தில் எவ்வளவு கூம்புகிறது என்பதே தடியின் குணத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. கம்பியை ஒருமுறை வடிவமைத்துவிட்டால் சாதாரணக் காபனையும் அதில் சுற்றலாம். 1,000 டொலருக்கு மேற்பட்ட தடிக்கும் 200, 300 டொலர்த் தடிக்கும் இடையிலான தூரம் விலையளவுக்குப் பெரிதாக இல்லாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

தடியின் மொத்த எடையை விளம்பரத்தில் பார்த்து மயங்கவேண்டாம். சடத்துவத் திருப்பம், அதாவது சுழற்றும்போது ஒரு பொருள் காட்டும் தயக்கம், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. கையிலிருந்து 2.7 மீற்றரிலுள்ள நுனியில் இருக்கும் 1 கிராம், 27 சென்றிமீற்றரில் இருக்கும் 100 கிராமுக்குச் சமமாகக் கையைக் களைக்கச் செய்யும். கடையில் தடியைப் பூட்டி, ஆட்டி, சட்டென நிறுத்துங்கள். நுனி விரைவில் அடங்கினால் நல்லது. நடுங்கிக்கொண்டே இருந்தால் அந்த நடுக்கம் நூலில் அலைகளாக ஏறித் தூரத்தைத் தின்னும்.

உப்புத்தண்ணீருக்கென்று சில. ரீல் பூட்டும் இடம் அனோடைஸ் செய்த (மின்முறையில் ஒட்சைட்டுப் படலம் ஏற்றிய) அலுமினியமாக இருக்கவேண்டும். காபனும் அலுமினியமும் உப்புநீரில் நேரடியாகத் தொட்டால் மின்கலம்போல் இயங்கி அலுமினியம் அரிக்கும்; வீடு வந்ததும் நன்னீர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவுங்கள், உவர்க்கிணறு உதவாது. காபன் மின்னைக் கடத்தும். ஐப்பசி இடிமழையில் வெளியில் ஒன்பது அடிக் காபனைத் தூக்கிப் பிடிப்பது வீரம் ஆகாது. நான்கு துண்டாகப் பிரியும் தடி ரொறன்ரோ உறவினரின் சூட்கேசுக்குள் அடங்கிவிடும். ‘ஆயுள் உத்தரவாதம்’ என்பது யாழ்ப்பாணத்திலிருந்து திருப்பி அனுப்பும் தபால்செலவைக் கணக்கிட்டால் பாதி பொருளிழக்கும். மேலதிக நுனித்துண்டு தனியாகக் கிடைக்குமா என்று விசாரிப்பது அதைவிடப் பயன்.

தடியில் மிச்சம்பிடித்த காசை நூலில் போடுங்கள். குளிர்நாட்டு ட்ரவுட்டுக்குச் செய்த நூல் நம் வெயிலில் துவண்டு, பசைபோலாகி, வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். வெப்பவலயக் கடலுக்கென்று விறைப்பான உள்நரம்போடு செய்த எட்டாம் எண் நூலைக் கேட்டு வாங்கவேண்டும். அந்த நூல் குளிரில் கம்பிச்சுருளாக நிற்கும் என்பதால், நுவரெலியாவுக்கு அதையே கொண்டுபோகவும் முடியாது.