விழுங்கத் தெரியாத செல்லுக்குள் நுழைவது எப்படி?

சிவப்பணுவுக்கு எதையும் விழுங்கத் தெரியாது. பல கிருமிகள் செல்லை ஏமாற்றி, அதுவே தங்களை உள்ளே இழுத்துக்கொள்ளும்படி செய்துவிடும். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, அப்படி இழுக்கும் ஏற்பாடும் இல்லை. மலேரியா ஒட்டுண்ணி எல்லா வேலையையும் தானே செய்தாக வேண்டும்.

நுழைவது மெரோசோயிட் என்னும் பருவம். முட்டை வடிவம், நீளம் ஏறக்குறைய 1.5 மைக்ரான், சிவப்பணுவின் குறுக்களவோ 7–8 மைக்ரான். கூர்முனையில் ராப்ட்ரி, மைக்ரோனீம் எனும் நுண்பைகளில் புரதங்கள் தயாராக இருக்கும். பழைய சிவப்பணுவை உடைத்து வெளியே வந்த சில நிமிடங்களிலேயே நுழையும் திறன் மங்கத் தொடங்கிவிடும்.

முதலில் எந்தப் பக்கம் ஒட்டினாலும் சரி, புரண்டு கூர்முனையைச் சவ்வுக்கு நேராக வைக்கும். அப்போது சிவப்பணுவின் சவ்வு அலையடிப்பதுபோல் நெளியும். மலேரியா ஒட்டுண்ணியின் ஃபால்சிபாரம் இனத்தில் ஈபிஏ-175 என்ற புரதம், சிவப்பணுவின் மேலுள்ள கிளைக்கோஃபோரின் ஏ என்ற புரதத்தைப் பிடிக்கிறது. ஈபிஏ-175 இல்லாவிட்டாலும் அதன் உறவுப் புரதம் ஒன்று சமாளித்துவிடும். ஒட்டுண்ணியின் ஆர்ஹெச்5 என்ற புரதத்துக்கு மட்டும் மாற்று ஆள் கிடையாது. அது சிவப்பணுவின் மேலுள்ள பேசிஜின் என்ற ஏற்பியைப் பிடித்தே தீர வேண்டும். தடுப்பூசி ஆய்வாளர்கள் இதைக் குறிவைப்பது அதனால்தான். ஆனால் தடுக்கக் கிடைப்பது சில வினாடிகளே. எதிர்ப்பொருள் முன்கூட்டியே இரத்தத்தில் நிறைய இருந்தாக வேண்டும்.

அடுத்து வருவதுதான் அசாத்தியமான வேலை. ஒட்டுண்ணி ரான்2 என்ற புரதத்தைச் சிவப்பணுவின் சவ்வில் செருகுகிறது. தன் மேலுள்ள ஏஎம்ஏ1 என்ற புரதத்தால் அதையே பற்றிக்கொள்கிறது. கொக்கியையும் தானே கொண்டுவந்து அடுத்தவர் சுவரில் அடித்துத் தொங்குவதுபோல! இந்தப் பிடி ஒரு வளையமாக இறுகும். ஒட்டுண்ணிக்குள்ளேயிருக்கும் ஆக்டின், மயோசின் புரதங்களாலான மோட்டார் இழுக்க, வளையம் ஒட்டுண்ணியின் பின்முனை நோக்கி நழுவ, உடல் உள்ளே போகிறது. மேற்பூச்சுப் புரதங்களில் பெரும்பகுதி வாசலிலேயே கத்தரிக்கப்பட்டு உதிர்ந்துவிடும். இதெல்லாம் அரை நிமிடத்துக்குள்! உள்ளே போன ஒட்டுண்ணியைச் சுற்றி, பெரும்பாலும் சிவப்பணுவின் சவ்வாலேயே ஆன ஒரு குமிழி இருக்கும். சிவப்பணு சற்று நேரம் முள்முள்ளாகச் சுருங்கி, பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பும்.

எப்போதும் பலிப்பதில்லை. டான்டு என்னும் இரத்தவகை உள்ளவர்களின் சிவப்பணுச் சவ்வு விறைப்பாக இழுபட்டிருக்கும். மெரோசோயிட் ஒட்டினாலும் அதை வளைத்து உள்ளே போக முடியாமல் பல முறை தோற்கிறது. வைவாக்ஸ் என்னும் இன்னொரு மலேரியா ஒட்டுண்ணி இனத்துக்கு வேறு சிக்கல்: அது இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட்டுகளையே தேடுகிறது. அவை ஆரோக்கியமான பெரியவரின் இரத்தத்தில் 1–2 சதவீதம்தான். போதாததற்கு அவற்றின் மேல் டஃபி என்ற புரதமும் வேண்டும். அது இல்லாதவர்களை வைவாக்ஸ் தொற்றுவது அரிது. ஆனால் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது.