கடைசிச் சாவி கையில் இருக்கும்போதே அடுத்த சாவியைப் போட்டுவிடுங்கள்

கோடை விடுமுறை தொடங்கியதும் ஏற்காட்டிலிருந்து எங்களுக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே தன்மையுடையவை. ஏரிக்கரையிலோ, பக்கோடா பாயின்ட்டிலோ, கிளியூர் அருவிக்கு இறங்கும் பாதையிலோ கார்ச் சாவி எங்கோ விழுந்திருக்கும். வீட்டில் இன்னொரு சாவி இருக்கிறதா என்று கேட்டால், வண்டியை வாங்கும்போதே ஒரு சாவிதான் கொடுத்தார்கள் என்றோ, இரண்டாவது சாவி பழுதாகிப் பல காலம் ஆகிவிட்டது என்றோ பதில் வரும். இருட்டுகிற நேரத்தில் பிள்ளைகளோடு மலையில் நிற்பவரிடம் விளக்கிச் சொல்ல முடியாதவற்றை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது என்பதால், சேலத்தில் கார்ச் சாவி போடும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இன்றைய கார்ச் சாவி ஒன்றுக்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. பூட்டுக்குள் நுழையும் உலோகத் தகடு ஒன்று. கதவைத் தொலைவிலிருந்து திறக்கும் ரிமோட் ஒன்று. கண்ணுக்குத் தெரியாமல் சாவியின் தலைப்பகுதிக்குள் இருக்கும் சிப் மூன்றாவது. சாவியைப் பூட்டில் செருகித் திருப்பும்போது, பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் இந்தச் சிப்பிடம் அதன் அடையாள எண்ணைக் கேட்கிறது. சிப்புக்குத் தேவையான மின்சக்தியையும் அந்தச் சுருளே கொடுக்கிறது. வண்டியின் கணினியில் பதிவான எண்ணாக இருந்தால் மட்டுமே இன்ஜினுக்கு அனுமதி கிடைக்கும். இம்மொபிலைசர் எனப்படும் இந்த அமைப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபரிலிருந்து புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. இப்போது நம் சாலைகளில் ஓடும் கார்களிலும் பரவலாக இருக்கிறது. கடைவீதியில் அமர்ந்து அரத்தால் ராவிச் சாவி போட்டுத் தருபவர் கைத்திறன் உள்ளவர்தான். கதவைத் திறக்கும் சாவியை அவரால் சரியாகவே செய்துதர முடியும். ஆனால் சிப் இல்லாத அந்தச் சாவியைக் கொண்டு இம்மொபிலைசர் உள்ள வண்டியை ஓட்ட முடியாது. சில மாடல்களில் செல்ஃப் எடுக்காது. சிலவற்றில் இன்ஜின் ஓரிரு நொடி ஓடி நின்றுவிடும். மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்.

சாவி கெட்டுவிட்டது என்று வருகிறவர்களில் கணிசமானோருக்குப் பேட்டரி தீர்ந்ததைத் தவிர வேறு குறை இருப்பதில்லை. ரிமோட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் சிஆர்2032 போன்ற 3 வோல்ட் நாணய வடிவப் பேட்டரி. அதை மாற்றினாலே போதும். சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை என்பதால், ரிமோட் இயங்காத நிலையிலும் சாவியைச் செருகி வண்டியை ஓட்டலாம். பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டியிலும் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஸ்மார்ட் சாவியின் உள்ளே மறைவாக ஒரு தகட்டுச் சாவி இருக்கும். அதை வெளியே இழுத்து ஓட்டுநர் கதவைத் திறந்து, பிறகு சாவியை ஸ்டார்ட் பொத்தானுக்கு மிக அருகிலோ, கையேட்டில் குறிப்பிட்ட இடத்திலோ வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். கதவுக் கைப்பிடியில் துளை தெரியவில்லை என்றால், ஒரு சிறு மூடி அதை மறைத்திருக்கக்கூடும். கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துச் செல்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்; சாவி சதி செய்யும் நேரத்தில் கையேடு பூட்டிய காருக்குள் இருக்கும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். இயங்கும் சாவி ஒன்றாவது கையில் இருந்து இன்னொன்றைச் சேர்ப்பதும், எல்லாச் சாவிகளும் தொலைந்த பிறகு புதிதாகப் போடுவதும் முற்றிலும் வேறுபட்ட வேலைகள். முதல் நிலையில், இருக்கும் சாவியைப் பார்த்துத் தகட்டை வெட்டி, வண்டியின் கணினியோடு தொடர்புகொள்ளும் ஸ்கேனர் கருவியை இணைத்துப் புதிய சிப்பின் எண்ணைப் பதிவு செய்துவிட்டால், பெரும்பாலான வண்டிகளுக்கு வேலை முடிந்தது. இரண்டாம் நிலையில், கதவைச் சேதமில்லாமல் திறக்க வேண்டும். பூட்டின் உள்ளமைப்பைக் கணித்தோ, சாவிக் குறியீட்டு எண்ணைக் கொண்டோ தகட்டை வெட்ட வேண்டும். அதன் பிறகு இம்மொபிலைசரின் பாதுகாப்பு எண்ணைப் பெற்றுப் புதிய சாவியைப் பதிய வேண்டும். சில மாடல்களில் எல்லாச் சாவியும் போனால் கணினிப் பெட்டியையோ, பூட்டும் சாவியும் அடங்கிய முழுத் தொகுதியையோ மாற்றுவதைத் தவிர நிறுவனம் வேறு வழி வைத்திருக்காது. அதற்கான உதிரிபாகம் வரும்வரை வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் ஆகும் செலவு பல மடங்கு வேறுபடுவதற்கு இதுவே காரணம். ஆள் பார்த்து விலை சொல்கிறார்கள் என்று பலர் நினைப்பது எல்லா நேரத்திலும் சரியாகாது.

வண்டி மலையில் நின்றுவிட்டால் இதோடு இன்னொரு சுமையும் சேர்கிறது. சாவி இல்லாத வண்டியில் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்; ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் கியரும் பார்க்கிங் நிலையிலிருந்து நகராது. அத்தகைய வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு அடிவாரம் நோக்கி 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கவே கூடாது. காரைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு வரும் மீட்பு வண்டியைத்தான் அழைக்க வேண்டும். ஸ்டீயரிங் பூட்டை உடைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டி இறக்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் சில மிதிகளிலேயே தீர்ந்து, அதன் பிறகு எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி எளிதில் நிற்காது. உயிருக்கே ஆபத்தான செயல் அது.

சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவு பூட்டிக்கொள்வதும் அடிக்கடி நடப்பதே. பெரியவர்கள் எல்லோரும் வெளியே இருந்தால் பொறுமையாக ஆள் வரும்வரை காத்திருங்கள். ஸ்கேலை விட்டு நெம்பினால் கதவுக்குள் இருக்கும் ஒயரும் பூட்டுக் கம்பியும் சேதமாகும். ஆனால் குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டால் சாவிக்காரருக்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் பத்து நிமிடங்களிலேயே வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் உயரக்கூடும். சேலத்துச் சித்திரை வெயிலில் அது எங்கே போய் நிற்கும் என்பதை நீங்களே கணக்கிடலாம். 112 எண்ணை ஒருவர் அழைத்துக்கொண்டிருக்கும்போதே, குழந்தை அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து மிகத் தள்ளியிருக்கும் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடித்து உடையுங்கள். முன்கண்ணாடி இரு அடுக்குகளுக்கு நடுவே படலம் வைத்து ஒட்டப்பட்டது. அதை உடைத்து வழி உண்டாக்க முடியாது.

உடைந்த சாவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகடு பூட்டுக்குள் முறிந்துவிட்டால் மீதித் துண்டைக் கொண்டு திருப்ப முயலாதீர்கள். பசை தடவி ஒட்டி இழுக்கவும் கூடாது. பசை உள்ளே இறங்கினால், எளிதாக எடுத்திருக்கக்கூடிய துண்டுக்காக முழுப் பூட்டையும் மாற்ற நேரிடும். முறிந்த இரு துண்டுகளையும், சாவியின் பிளாஸ்டிக் தலையையும் தூக்கி எறியாமல் அப்படியே கொண்டு வாருங்கள். துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து வெட்டவும், உள்ளே நல்ல நிலையில் உள்ள சிப்பைப் புதிய கூட்டுக்கு மாற்றவும் முடியும். பிளாஸ்டிக் மேலோடு மட்டும் உடைந்திருந்தால் இதுவே மிகச் சிக்கனமான தீர்வு. ஆனால், வெறும் மேலோட்டை வாங்கி வீட்டிலேயே மாற்றிக்கொள்கிறவர்கள், பழைய மேலோட்டின் மூலையில் தனியாகப் பொருத்தியிருக்கும் சிப்பைக் கவனிக்காமல் அதனோடு குப்பையில் போட்டுவிடுவதுண்டு. அருவியிலோ ஏரியிலோ நனைந்த சாவியாக இருந்தால் பொத்தான்களை அழுத்தாமல் பேட்டரியைக் கழற்றி நிழலில் உலரவிடுங்கள். ரிமோட்டின் சுற்றுப்பலகை பழுதானாலும் சிப் பெரும்பாலும் தப்பிவிடும்.

சாவி தொலைந்தால் புதியதைச் சேர்ப்பதோடு வேலை முடிவதில்லை என்பதைத்தான் மக்கள் அதிகம் கவனிக்காமல் விடுகிறார்கள். தொலைந்த சாவியின் எண் வண்டியின் நினைவகத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் கண்டெடுத்தவர் வண்டியை ஓட்டிச் செல்ல முடியும். எனவே பதிவு செய்யும் போதே பழைய எண்ணை நீக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டிலுள்ள இன்னொரு சாவியையும் அப்போது எடுத்து வர வேண்டும்; பல மாடல்களில் எல்லாச் சாவிகளையும் அழித்துவிட்டு, கையில் இருப்பவற்றை மட்டும் மறுபடி பதிவு செய்வதே முறை. இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. சிலர் விலை குறைவு என்பதற்காகச் சிப்பை நகலெடுத்துத் தருகிறார்கள். நகல் சிப்புக்கும் மூலச் சிப்புக்கும் எண் ஒன்றே. வண்டிக்கு இரண்டும் ஒரே சாவிதான். பின்னாளில் அவற்றில் ஒன்று தொலைந்தால் அதை மட்டும் தனியே நீக்க இயலாது. ஆகவே, புதிய எண்ணோடு பதிவு செய்யும் வசதி உள்ள வண்டிக்கு நகல் சாவியை நான் பரிந்துரைப்பதில்லை. எண்ணை நீக்கினாலும் தொலைந்த தகடு கதவைத் திறக்கும் என்பதால், முகவரியோ வீட்டுச் சாவியோ அதனோடு சேர்ந்து தொலைந்திருந்தால், கதவுப் பூட்டின் உள்தகடுகளையும் மாற்றி அமைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

சாவி கேட்டு வருகிறவரிடம் ஆர்.சி.யும் அடையாள அட்டையும் கேட்காமல் வேலை செய்யும் இடத்துக்கு உங்கள் வண்டியை எடுத்துப் போகாதீர்கள். இன்று உங்களிடம் எதுவும் கேட்காதவர் நாளை உங்கள் வண்டியைக் காட்டும் வேறு ஒருவரிடமும் எதுவும் கேட்க மாட்டார். ஆர்.சி. காருக்குள் மாட்டிக்கொண்டிருந்தால் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டலாம். வண்டி அப்பா பெயரில் இருந்தால், அவரைக் காணொளி அழைப்பில் அழைத்து உறுதி செய்துகொண்ட பிறகே நாங்கள் கருவியை எடுக்கிறோம். சந்தேகப்படுகிறார்களே என்று அதற்காக வருந்த வேண்டாம்.

சாவி தொலைந்த அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். பல ஷோரூம்களில் புகார் நகலைக் கேட்பார்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருக்கிறது: வண்டி திருடு போய் இழப்பீடு கோரும்போது, காப்பீட்டு நிறுவனங்கள் வண்டியின் எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். ஒரு சாவி குறைந்தால், அது எப்போது, எப்படித் தொலைந்தது என்பதற்கு உங்களிடம் எழுத்துச் சான்று இருக்க வேண்டும். சாவி மாற்றும் செலவை ஏற்கும் கூடுதல் காப்பும் பல நிறுவனங்களிடம் கிடைக்கிறது. உங்கள் பாலிசியில் அது சேர்ந்திருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள் பெயிண்டையும் டயரையும் பார்க்கும் கவனத்தில் பாதியையாவது சாவிக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு சாவிகளையும், அவற்றோடு தரப்படும் குறியீட்டு எண் பொறித்த சிறு தகட்டையும் கேளுங்கள். அந்த எண் இருந்தால் தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டாமல், தொழிற்சாலை அளவிலேயே புதிய தகடு வெட்டலாம். தேய்ந்ததைப் பார்த்து வெட்டிய சாவி அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுக்கும். நினைவகத்தில் எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன என்பதைப் பல வண்டிகளில் ஸ்கேனர் காட்டிவிடும். விற்பவர் ஒரு சாவி கொடுத்து, கணினி மூன்று என்று காட்டினால், மீதி இரண்டும் யாரிடம் இருக்கின்றன என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

புதிய சாவியைப் பெற்றுக்கொள்ளும்போது, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்: தகடு கதவிலும் டிக்கியிலும் ஸ்டீயரிங் பூட்டிலும் இறுக்கமில்லாமல் திரும்ப வேண்டும், பழைய சாவியைச் சில அடி தள்ளி வைத்துவிட்டுப் புதியதைக் கொண்டு மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும், ரிமோட் நாலைந்து வண்டி தள்ளி நின்றாலும் வேலை செய்ய வேண்டும், பழைய சாவியும் முன்போலவே இயங்க வேண்டும். எத்தனை சாவிகள் இப்போது பதிவில் உள்ளன, தொலைந்த சாவியின் எண் நீக்கப்பட்டதா என்பதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.