பத்தாவது முடிச்சு ஓட்டல் படிப்பு படிக்கணுமா? லட்சம் கட்டுறதுக்கு முன்னாடி அரசு தர்றத பாருங்க

ரிசல்ட் வந்தா போதும், பஸ் ஸ்டாண்ட் சுவர் பூரா கேட்டரிங் போஸ்டர் தான். 100% வேலை, கப்பல்ல வேலை, துபாய்ல வேலைன்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான், ஃபீஸ் மட்டும் போஸ்டர்ல இருக்காது, நேர்ல வாங்க சொல்றோம்பான். நகையை வச்சு கட்டி சேத்துட்டு, சர்டிஃபிகேட் வாங்கின அப்புறம் தான் அது எந்த யுனிவர்சிட்டி, எந்த போர்டுன்னே தெரியாம நிறைய பேரு முழிக்கிறாங்க. இதே படிப்ப கம்மி செலவுல, சில பேருக்கு செலவே இல்லாம அரசே தருது. தமிழ்நாட்டுக்கு உள்ளத மட்டும் சொல்றேன்.

முதல்ல ஸ்கூல். நம்ம ஊர்ல +2 முறை வந்தது 1978ல, அப்பவே அது கூட தொழிற்கல்வி குரூப்பும் வந்துடுச்சு, ஆனா "மார்க் இல்லாதவன் எடுக்குற குரூப்பு"ன்னு சொல்லி சொல்லியே அத ஒதுக்கி வச்சிட்டோம். அந்த வரிசையில நர்சிங், ஆட்டோமொபைல், அக்ரி எல்லாம் இருக்குற மாதிரி ஃபுட் சர்வீஸ் மேனேஜ்மென்ட்னு ஒண்ணு இருக்கு, தமிழ் மீடியம் புத்தகத்துல உணவக மேலாண்மைன்னு போட்டிருக்கும். தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் மத்த குரூப் மாதிரியே உண்டு, தியரி தனி, ப்ராக்டிகல் தனி, ஆறு பாடம் 600 மார்க். முடிச்சா கையில வர்றது முழு +2 சர்டிஃபிகேட், "வொக்கேஷனல் தானே, டிகிரி சேர முடியாது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சிக்கல் என்னன்னா இந்த குரூப் எல்லா ஸ்கூல்லயும் கிடையாது, வாத்தியார் ரிட்டயர் ஆனதும் அந்த போஸ்ட்ட நிரப்பாம தொழிற்கல்வி குரூப்பே காணாம போன ஸ்கூல் எத்தனையோ இருக்கு. அதனால பக்கத்து ஊர் அரசு, அரசு உதவி பெறும் ஸ்கூல்லயும் சேத்து ஹெச்எம் கிட்ட நேரா கேளுங்க, இந்த குரூப் இருக்கா, பாடம் எடுக்க ஆள் இருக்கா, ரெண்டையும் கேளுங்க.

சிபிஎஸ்இல படிக்கிற பிள்ளைங்களுக்கு ஃபுட் ப்ரொடக்‌ஷன்னு ஸ்கில் பாடம் இருக்கு, 9, 10க்கு கோட் 409, 11, 12க்கு 809. ஓட்டல் ரிசப்ஷன் வேலைக்கான ஃப்ரண்ட் ஆபீஸும் இருக்கு, 9, 10க்கு கோட் 410. பத்தாவதுல இத ஆறாவது பாடமா எடுத்தா ஒரு லாபம், கணக்கு, சயின்ஸ், சோஷியல் மூணுல எதாவது ஒண்ணுல ஃபெயில் ஆனாலும் அதுக்கு பதிலா இந்த பாடத்த வச்சு ரிசல்ட் போடுவாங்க.

அடுத்தது ஐடிஐ. ஃபுட் ப்ரொடக்‌ஷன் ஜெனரல், பேக்கர் அண்ட் கன்ஃபெக்‌ஷனர்னு ட்ரேடுங்க இருக்கு, ஒரு வருஷம், பத்தாவது பாஸ் போதும். அரசு ஐடிஐல படிப்பு ஃப்ரீ, அதுக்கு மேல மாசம் 750 ரூபா உதவித்தொகை, சைக்கிள், யூனிஃபார்ம், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில படிச்சு வந்த பிள்ளைங்கன்னா பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் திட்டம் (2022 செப்டம்பர்ல இருந்து), பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன் திட்டம் (2024 ஆகஸ்ட்ல இருந்து), மாசம் 1,000 ரூபா நேரா பேங்க்ல விழும். நீங்களா எங்கயும் போய் அப்ளை பண்ண வேணாம், சேந்த இடத்துல இருந்தே யுமிஸ்ங்கிற அரசு மாணவர் விவர போர்ட்டல்ல ஏத்துவாங்க, ஆதார் பேங்க் அக்கவுண்ட்டோட இணைஞ்சிருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க, பணம் வராம நிக்கிறதுக்கு பாதி நேரம் அது தான் காரணமா இருக்கும். சமையல் ட்ரேட் எல்லா ஐடிஐலயும் இருக்காது, லிஸ்ட்ட பாத்து தான் சாய்ஸ் போடணும். இன்னொண்ணு, ஒரு வருஷ ட்ரேட் முடிச்சா தொழில் கையில இருக்கும், +2 இருக்காது. பின்னாடி டிகிரி ஆசை இருந்தா ஸ்கூல் குரூப்பே மேல், இது என் கருத்து.

இப்ப பெரிய விஷயம், தரமணி. சென்னை தரமணியில இருக்குற இன்ஸ்டிடியூட் ஆஃப் ஹோட்டல் மேனேஜ்மென்ட், மத்திய சுற்றுலா அமைச்சகத்துக்கு கீழ வர்றது. அங்க மூணு வருஷ பிஎஸ்சி இருக்கு, +2 முடிச்சவங்களுக்கு ஒன்றரை வருஷ ஃபுட் ப்ரொடக்‌ஷன் டிப்ளமோ இருக்கு, பத்தாவது மட்டும் முடிச்சவங்களுக்கும் ஃபுட் ப்ரொடக்‌ஷன் அண்ட் பாட்டிசரின்னு ஒன்றரை வருஷ கிராஃப்ட் கோர்ஸ் இருக்கு. பாட்டிசரின்னா கேக், பேஸ்ட்ரி பக்கம். எஸ்சி, எஸ்டி பிள்ளைங்கன்னா இந்த படிப்புச் செலவ தாட்கோவே (எஸ்சி, எஸ்டி மக்களுக்கான தமிழ்நாடு அரசு கழகம்) ஏத்துக்குது. வந்த அறிவிப்புங்கள்ல இருக்குற கண்டிஷன் இது தான்: பத்தாவதோ +2வோ அந்தந்த கோர்ஸுக்கு ஏத்த மாதிரி குறைஞ்சது 45% மார்க், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3 லட்சத்துக்குள்ள. அப்ளை பண்றது தாட்கோ வெப்சைட்ல, புரியலன்னா ஒவ்வொரு மாவட்டத்துலயும் தாட்கோ மேனேஜர் ஆபீஸ் இருக்கு, நேரா போங்க. இவ்ளோ நல்ல திட்டம், பேப்பர்ல ஒரு ஓரத்துல நாலு வரியா வந்துட்டு போயிடுது, போஸ்டர் ஒட்டுறவன் மட்டும் ஊரு பூரா ஒட்டுறான்.

பிஎஸ்சிக்கு மட்டும் என்சிஹெச்எம் ஜேஇஇன்னு நாடு முழுக்க ஒரே என்ட்ரன்ஸ். பேர பாத்து பயப்படாதீங்க, ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி கிடையாது, கணக்கு, ரீசனிங், பொது அறிவு, இங்கிலீஷ், சர்வீஸ் வேலைக்கு ஏத்த ஆளான்னு பாக்குற கேள்விங்க, அவ்ளோ தான். எந்த குரூப் படிச்சிருந்தாலும் எழுதலாம், இங்கிலீஷ் ஒரு பாடமா படிச்சு பாஸ் ஆகியிருக்கணும். ஆனா பேப்பர் இங்கிலீஷ்லயும் ஹிந்திலயும் மட்டும் தான் வரும், தமிழ் கிடையாது. தமிழ் மீடியம் பசங்க +1லயே பழைய கொஸ்டின் பேப்பர் எடுத்து பழகிட்டா தான் தாங்கும், அப்ளிகேஷனும் +2 பப்ளிக் எக்ஸாமுக்கு முன்னாடியே முடிஞ்சிடும், ரிசல்ட் வந்த அப்புறம் தேடினா அந்த வருஷம் போச்சு.

இப்ப சொல்லப் போறது ஸ்கூல்லயே நிறைய வாத்தியாருங்க சொல்றதில்ல. +2 தொழிற்கல்வி குரூப் பாஸ் பண்ணவங்களுக்கு அப்ரண்டிஸ் சட்டத்துல தனியா ஒரு பிரிவே இருக்கு, ஒரு வருஷம் வேலையோட பயிற்சி. 2019ல திருத்தின விதியில இவங்களுக்கு மாசம் குறைஞ்சது 7,000 ரூபான்னு வச்சாங்க, அதுல பாதிய மத்திய அரசு கம்பெனிக்கு திருப்பி கொடுத்துடும். 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற நிறுவனம் எதுவா இருந்தாலும், பெரிய ஓட்டலும் இதுல அடக்கம், மொத்த ஆளுங்கள்ல 2.5%ல இருந்து 15% வரைக்கும் அப்ரண்டிஸ் எடுத்தே ஆகணும், இது சட்டம். பதிவு பண்றது நாட்ஸ்ங்கிற மத்திய அரசு அப்ரண்டிஸ் போர்ட்டல்ல, இத பாத்துக்கிற அப்ரண்டிஸ் பயிற்சி போர்டோட தென் மாநில ஆபீஸும் அதே தரமணியில தான். சம்பளமே தராம "ட்ரெய்னிங்"னு ஆறு மாசம் பாத்திரம் கழுவ விடுற இடத்துக்கு போறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ கேட்டுப் பாருங்க.

கையில ரெடியா வச்சிருக்க வேண்டியது: மார்க் ஷீட், டிசி, சாதி சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், பிள்ளை பேர்லயே பேங்க் அக்கவுண்ட். வருமானச் சான்றிதழ் மட்டும் ஒரு வருஷம் தான் செல்லும், போன தடவ வாங்கினது இருக்குன்னு அசால்ட்டா இருக்காம தேதிய பாருங்க, இ-சேவையில போட்டாலும் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு சுத்தி வர நாளாகும், அட்மிஷன் நேரத்துல கூட்டம் வேற. ஏப்ரல்லயே போட்டு வச்சிடுங்க.