ஐஸ் போட்ட மீன் என்றால் கெட்ட மீனா?

போன வாரமும் ஒரு குடும்பம் வந்தது. மத்தியானம் சூரை மீன் குழம்பு. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு, நெஞ்சு படபடப்பு. "மீன் அலர்ஜி போல டாக்டர்" என்றார்கள். ஒரே சட்டிக் குழம்பைச் சாப்பிட்ட அத்தனை பேருக்கும் ஒன்றாக அலர்ஜி வருமா? மீனைப் பற்றி விசாரித்தால் வழக்கமான பதில்: "ஐஸ் போடாத பச்சை மீன் சார், பார்த்துதான் வாங்கினோம்."

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐஸ் மீன் என்றாலே பழைய மீன், மருந்து போட்ட மீன் என்று ஆகிவிட்டது. 2018 ஜூனில் களியக்காவிளையைத் தாண்டி கேரளத்தின் அமரவிளை சோதனைச் சாவடியில் ஃபார்மலின் (பிணத்தைப் பதப்படுத்தும் ரசாயனம்) கலந்த மீன் பிடிபட்ட பிறகு இந்தப் பயம் இன்னும் கூடியது. ஃபார்மலின் குற்றம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஐஸ் என்ன செய்தது? அது வெறும் உறைந்த தண்ணீர். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 334 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஐஸ் மீதமிருக்கும் வரை, அதோடு ஒட்டிக் கிடக்கும் மீன் 0 டிகிரியை ஒட்டியே இருக்கும்.

விடியற்காலையில் முட்டத்தில் கரையேறிய மீன், ஐஸ் இல்லாமல் வெயிலில் பயணம் செய்து பதினொரு மணிக்கு மார்த்தாண்டத்தில் விற்கப்பட்டால் அது பச்சை மீன் ஆகாது. சூரை, அயலை, சாளை, நெத்தோலி போன்றவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் சூடாகக் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். முகம் சிவப்பதும் அரிப்பும் படபடப்பும் இந்த ஹிஸ்டமினால்தான், மீன் அலர்ஜியால் அல்ல. மீன் நாறவேண்டும் என்றுகூட இல்லை.

"நல்லா கொதிக்க வச்சோமே" என்பார்கள். கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும், ஹிஸ்டமின் போகாது. பொரித்தாலும் போகாது. புளிமுளம் வைத்து எவ்வளவு புளி ஊற்றினாலும் போகாது. அப்புறம் ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. உருவானது உருவானதுதான். உருவாகாமல் தடுக்க ஒரே வழி, பிடித்த உடனே குளிர வைப்பது.

இந்த அரிப்பும் படபடப்பும் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானே அடங்கிவிடும். ஹிஸ்டமினை எதிர்க்கும் மாத்திரை கொடுத்தால் சீக்கிரம் குறையும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம் வந்தால் மட்டும் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மிச்சக் குழம்பைக் கொட்டிவிடுங்கள். வாயில் வைத்ததும் மிளகு கடித்த மாதிரி நாக்கு எரிந்தால் அந்த மீனைத் துப்பிவிடுங்கள், வாங்கிய காசை நினைத்து விழுங்க வேண்டாம்.

மீன் விற்கும் அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். மீனும் பொடித்த ஐஸும் சம எடையில், அடுக்கடுக்காகப் போடுங்கள். மேலே மட்டும் நாலு கட்டி வைத்தால் அடியில் கிடக்கும் மீன் குளிராது. வாங்குகிறவர்களே, ஐஸைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். நீங்கள் சுளிப்பதால்தான் அவர்கள் ஐஸைத் தட்டிவிட்டு மீனை வெயிலில் பரப்புகிறார்கள்.