பாறை வெடியும் பக்கத்து வீட்டுச் சுவரும்

அடித்தளம் தோண்டும் இடத்தில் பாறை. உடைக்க 40 துளைகள், துளைக்கு 4 கிலோ வெடிமருந்து, மொத்தம் 160 கிலோ. 60 மீட்டர் தள்ளி ஒரு வீடு. அத்தனை மருந்தும் ஒரே கணத்தில் வெடித்தால், அந்த வீட்டு வாசலில் நிலம் வினாடிக்குச் சுமார் 94 மி.மீ. வேகத்தில் அதிரும் என்கிறது கணக்கு. குடியிருப்புக்கான எந்த வரம்புக்கும் இது மேல். அதே 160 கிலோவை, அதே 40 துளைகளில், 25 மில்லிவினாடிக்கு ஒரு துளை என்று வரிசையாக வெடிக்கவிட்டால் வேகம் 5 மி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. எல்லாம் முடிய ஒரு வினாடிதான் ஆகும். தெருவில் நிற்பவர் காதுக்கு ஒரே வெடி, கொஞ்சம் நீளமான உறுமல். வெடிப்பு விதிகளில் பெரும்பகுதி இந்த மில்லிவினாடிகளைப் பற்றியதுதான்.

அதிர்வை ஏன் வேகத்தில் அளக்கிறார்கள்? நிலம் நகரும் தூரத்தைப் பார்த்தால் அது அற்பம். வினாடிக்கு 5 மி.மீ. வேகத்தில், 25 ஹெர்ட்ஸில் (அதாவது வினாடிக்கு 25 முறை) ஆடும் தரை, நடுநிலையிலிருந்து 0.03 மி.மீ. மட்டுமே விலகுகிறது, தலைமுடியின் தடிமன்கூட இல்லை. பூச்சைக் கிழிப்பது நகர்வு அல்ல, இழுவை. சுவரின் ஒரு பகுதி நகர்ந்து அடுத்த பகுதி இன்னும் நகராமல் இருக்கும் அந்தக் கணத்தில்தான் பூச்சு இழுபடுகிறது. நிலத்துகளின் வேகத்தை, நிலத்துக்குள் அலை ஓடும் வேகத்தால் வகுத்தால் அந்த இழுவையின் அளவு தோராயமாகக் கிடைக்கும். அதனால்தான் ‘துகள் உச்ச வேகம்’ என்ற ஒற்றை அளவை உலகம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி கணக்கு. வீட்டுக்குள்ள தூரத்தை மீட்டரில் எடுத்து, ஒரே நேரத்தில் வெடிக்கும் மருந்தின் கிலோ எடையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். வருவது ‘அளவிட்ட தூரம்’. 60 மீட்டர், 4 கிலோ என்றால் 60-ஐ 2-ஆல் வகுக்க, 30. இந்த எண்ணை 1.6 அடுக்குக்கு உயர்த்தி, 1140-ஐ அதால் வகுத்தால் வினாடிக்கு 5 மி.மீ. வந்துவிடும். 1140, 1.6 ஆகிய இரண்டும் சராசரிப் பாறைக்கு ஆஸ்திரேலியத் தரநிலை தரும் எண்கள். களத்தில் உண்மையான அதிர்வு இந்த மதிப்பீட்டின் ஐந்தில் இரண்டு பங்கிலிருந்து நான்கு மடங்கு வரை போகலாம் என்று அந்தத் தரநிலையே சொல்கிறது. ஆகவே சூத்திரத்தை மட்டும் நம்பி முழு வெடிப்பில் இறங்குவது அறிவீனம். முதலில் குறைந்த மருந்தில் சில சோதனை வெடிகள் வைத்து, பல தூரங்களில் அளந்து, அந்த இடத்துப் பாறைக்கே உரிய எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்போதும் புள்ளிகளின் நடுவே ஓடும் சராசரிக் கோட்டை எடுக்கக் கூடாது. பாதி வெடிகள் அதற்கு மேலே போகும். நூற்றுக்கு 95 வெடிகள் எந்தக் கோட்டுக்குக் கீழே அடங்குமோ, அதை வைத்தே மருந்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

தூரம் பாதியானால் என்ன ஆகும் என்பது பலர் தவறவிடும் இடம். 30 மீட்டரில் இன்னொரு வீடு இருந்தால் அதே 4 கிலோ அங்கே 15 மி.மீ. கொடுக்கும், மூன்று மடங்கு. அங்கேயும் 5 மி.மீ.க்குள் நிற்க வேண்டுமானால் ஒரு தடவைக்கு 1 கிலோதான். தூரம் பாதி, மருந்து கால்.

இந்த வெட்டிக் குறைப்பு துளைக்குள் எப்படி நடக்கிறது? 64 மி.மீ. விட்டத்தில் 3.6 மீட்டர் ஆழத் துளை (கிணறு வெட்டுகிறவர்கள் பேச்சில் ‘தமர்’) என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. தோட்டாக்களை அடுக்கினால் மீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ பிடிக்கும், 1.8 மீட்டர் அடுக்கில் 4 கிலோ. மேலே மிச்சமிருக்கும் 1.8 மீட்டரையும் ஜல்லியால் இறுக அடைக்க வேண்டும். 4 கிலோ அதிகம் என்றால், கீழே 2 கிலோ, நடுவே ஒரு ஜல்லி அடைப்பு, மேலே 2 கிலோ என்று ஒரே துளையை இரண்டு அடுக்காக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி டெட்டனேட்டர் (மருந்தைத் தூண்டி வெடிக்கவைக்கும் சிறு குழல்), தனி நேரம் கொடுக்கலாம். 60 மீட்டரில் அதிர்வு 2.8 மி.மீ.க்கு இறங்கும். நடு அடைப்பு குறுகிப்போனால் முதல் அடுக்கின் அதிர்ச்சி இரண்டாவதையும் கூடவே வெடிக்க வைத்துவிடும், பிரித்ததற்குப் பலனே இருக்காது. வீடு இன்னும் நெருக்கத்தில் இருந்தால் இப்படி அடுக்காகப் பிரிப்பதும் போதாது. 32 மி.மீ. சின்னத் துளைகளும் கையால் பிடித்து அடிக்கும் ஜாக்ஹேமருமே கதி. வேலை மெதுவாகத்தான் நகரும்.

துளையின் வாயடைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், களத்தில் அதிகம் ஏமாற்றப்படும் வேலை இதுதான். துளை போடும்போது வெளிவந்த தூளையே திரும்ப வாரிப் போடுவது சுலபம். ஆனால் அது வாயு அழுத்தத்தில் புட்டியின் தக்கைபோல் பறந்துவிடும். துளை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, முனை கூரான உடைகல் போட்டால் கற்கள் ஒன்றோடொன்று கோத்துப் பூட்டிக்கொள்ளும். அடைப்பு பறந்தால் கல் சிதறும், காற்றதிர்ச்சி எகிறும், பாறையும் சரியாக உடையாது. துளைகள் மேல் விரிக்கும் டயர் பாய் சிதறும் கல்லைப் பிடிக்குமே தவிர, நில அதிர்வை ஒரு துளியும் குறைக்காது.

மருந்தைக் குறைத்தால் அதிர்வு குறையும் என்பதும் பாதி உண்மைதான். துளைக்கும் திறந்த பக்கத்துக்கும் இடையே உள்ள பாறை அளவுக்கு மீறித் தடித்திருந்தால், குறைந்த மருந்தால் அதைத் தள்ள முடியாது. உடைப்பதில் செலவாக வேண்டிய ஆற்றல் நிலத்துக்குள் திரும்பி, வீடுகளை நோக்கி ஓடும். மருந்தைக் குறைக்கும்போது துளை இடைவெளியையும் சேர்த்துக் குறைக்காத ஒப்பந்தக்காரர், ‘நேற்றைவிடக் குறைவாகத்தான் வைத்தேன், எப்படி அதிகம் ஆடியது’ என்று விழிப்பது இதனால்தான்.

நேரப் பிரிப்புக்கு வருவோம். 8 மில்லிவினாடிக்குள் வெடிப்பவை எல்லாம் ஒரே வெடி என்பது பழகிப்போன கட்டைவிரல் விதி. நெருக்கத்தில் அது நன்றாகவே வேலை செய்கிறது, அங்கே அலைகள் குறுகியவை. தூரம் போகப் போக, அல்லது தடித்த மண்படலத்தைக் கடக்கும்போது, அலைகள் நீண்டு 10 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கும். அப்போது ஓர் அலைக்கு 100 மில்லிவினாடி. 8 மில்லிவினாடி இடைவெளி அங்கே எதையும் பிரிக்காது.

மேலும், ரசாயனத் தூள் எரிந்து தாமதம் தரும் டெட்டனேட்டர்கள் கடிகாரம் அல்ல. 500 மில்லிவினாடி என்று அச்சிட்டது ஒரு சதவீதம் பிசகினாலே 5 மில்லிவினாடி முன்னே பின்னே போகும். காகிதத்தில் 9 மில்லிவினாடி தள்ளி இருந்த இரண்டு துளைகள் நடைமுறையில் ஒன்றாக வெடிக்கலாம். மின்னணு டெட்டனேட்டரில் ஒரு மில்லிவினாடி துல்லியத்தில் நேரம் பதியலாம். விலை கூடுதல்தான், ஆனால் வீடுகள் நெருங்கிய இடத்தில் அந்தச் செலவில் கை வைக்கக் கூடாது.

அதிர்வெண் ஏன் இத்தனை முக்கியம்? ஓரிரு மாடி வீடு முழுவதுமாக ஆடும் இயல்பு அதிர்வெண் பெரும்பாலும் 4 முதல் 12 ஹெர்ட்ஸ். ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளுவதுபோல, நிலமும் அதே தாளத்தில் ஆடினால் வீடு நிலத்தைவிடப் பல மடங்கு ஆடும். 60 ஹெர்ட்ஸில் வரும் அதிர்வை அதே வீடு பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஆகவே வரம்புகள் படிக்கட்டாக அமைகின்றன. அமெரிக்கச் சுரங்கப் பணியகம் 1980-இல் வெளியிட்ட ஆய்வு, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே பழைய பூச்சுச் சுவர்களுக்கு 12.7 மி.மீ., ஜிப்சம் பலகைச் சுவர்களுக்கு 19 மி.மீ., அதற்கு மேலே 50.8 மி.மீ. என்று பரிந்துரைத்தது. ஜெர்மனியின் டின் 4150 தரநிலை குடியிருப்புகளுக்கு 10 ஹெர்ட்ஸ் வரை 5 மி.மீ. என்று தொடங்கி, 50 ஹெர்ட்ஸில் 15, 100 ஹெர்ட்ஸில் 20 என ஏறுகிறது. இந்தியச் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997-இல் வகுத்தபடி, சுரங்கத்துக்குச் சொந்தமில்லாத, பிறருடைய வீடுகளுக்கு 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே 5, 25 வரை 10, அதற்கு மேல் 15. பழமையான சின்னங்களுக்கு முறையே 2, 5, 10. எண்கள் வேறுபடக் காரணம், சில விதிகள் விரிசல் விழும் எல்லையை ஒட்டி நிற்கின்றன, சில அதற்கு வெகுமுன்பே நிறுத்திவிடுகின்றன.

இத்தனை இருந்தும் சண்டை வருவதற்குக் காரணம் நம் உடம்பு. வினாடிக்கு 0.3 மி.மீ. அதிர்வையே வீட்டுக்குள் இருப்பவர் உணர்ந்துவிடுவார், 1 மி.மீ. ஆனால் புகார் கிளம்பும். சுவருக்கோ அது ஒரு பொருட்டில்லை. அமெரிக்கப் பணியகம் ஒரு சோதனை வீட்டில் அளந்து பார்த்ததில், கதவை அறைந்து சாத்துவது 12.7 மி.மீ. நில அதிர்வுக்கு ஈடாகவும், சுவரில் ஆணி அடிப்பது 22 மி.மீ.க்கு ஈடாகவும் சுவரை இழுத்தன. பகல்-இரவு வெப்பமும் ஈரப்பதமும் மாறுவதால் வரும் இழுவை 30 முதல் 76 மி.மீ. வரைக்கு ஈடு. அதற்காக எல்லா விரிசலையும் வெயில் தலையில் கட்டிவிடவும் முடியாது. வெடிக்கு முன் என்ன இருந்தது என்று பதிவு இல்லாவிட்டால் இரு தரப்பும் சொல்வது வெறும் வாய்ச்சொல்.

வீடு ஆடியதாகச் சொல்பவர்களில் பலர் உணர்வது நில அதிர்வே இல்லை. 340 மீட்டர் தள்ளி இருக்கும் வீட்டில் கவனித்தால் தெரியும்: முதலில் காலடியில் ஒரு மெல்லிய நடுக்கம், ஏறக்குறைய ஒரு வினாடி கழித்து ஜன்னல் கண்ணாடியும் அலமாரிப் பாத்திரமும் கிடுகிடுக்கும். நில அலை கல்லுக்குள் வினாடிக்கு 2,000 மீட்டருக்கும் மேல் பாய்கிறது, காற்றலைக்கு 340 மீட்டர்தான். இந்தக் காற்றதிர்ச்சிக்கு 134 டெசிபல் என்பது புழக்கத்தில் உள்ள ஒரு வரம்பு. அழுத்தத்தில் 100 பாஸ்கல், மணிக்கு 46 கி.மீ. காற்று சுவரில் மோதுவதற்குச் சமம். பெரும்பகுதி காதுக்குக் கேட்காத தாழ்சுருதி. அதிகாலையில் தரையோரம் குளிர்ந்த காற்றும் மேலே வெதுவெதுப்பான காற்றும் இருக்கும்போது ஒலி மேலே தப்பாமல் வளைந்து தரைக்கே திரும்பும். ஆகவே விடியலில் வெடிக்காமல், வெயில் ஏறிய பிறகு வெடிப்பதே நல்லது.

அளவீட்டில் நடக்கும் பிழைகள் கணக்குப் பிழைகளைவிட மோசம். நில அதிர்வை மூன்று திசைகளிலும் அளக்கும் ஜியோஃபோன் கருவி, வீட்டின் வெடிப்பைப் பார்த்த பக்கத்தில், சுவரிலிருந்து 3 மீட்டருக்குள், புதைத்து, மட்டம் பார்த்து, அம்புக்குறி வெடியை நோக்கி இருக்கும்படி வைக்கப்பட வேண்டும். சிமென்ட் தரையில் சும்மா வைத்தால் பலத்த அதிர்வில் கருவியே துள்ளும், எண் பொய்யாகும். தளர்ந்த மண்ணில் புதைத்தாலும் அப்படியே. பதிவு தொடங்கும் வரம்பை உயர்த்தி வைத்துவிட்டு ‘கருவி எதையும் பதியவில்லை’ என்று காட்டுவதும் நடக்கிறது. அது அதிர்வு வரம்பைத் தொடவில்லை என்றும் பொருள்படும், கருவி தூங்கியது என்றும் பொருள்படும். பின்னணி அளவுகளையும் இடைவிடாமல் எழுதும் முறையில் இயக்கினால் இந்தச் சந்தேகமே எழாது.

வெடிக்கு முன் வீடுகளைப் பார்த்துப் பதியும் முன்னாய்வு என்றால் வீட்டுக்கு ஒரு முகப்புப் படம் எடுப்பது அல்ல. ஒவ்வோர் அறையிலும் நான்கு சுவர், கூரை, தரை. இருக்கும் ஒவ்வொரு விரிசலுக்கும் அளவுகோல் வைத்த படம், அதன் நீளம், அகலம், நுனி முடியும் இடத்தில் தேதியுடன் ஒரு குறி. ஜன்னல் மூலைகளைத் தனியாகப் பார்க்க வேண்டும், இழுவை குவிவது அங்கே. சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, கிணற்று உறை ஆகியவையும் சேர வேண்டும். ஒரு பிரதி வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும்.

வெடிப்புக்குப் பின் அறிக்கை கேட்டால் ‘4.2 மி.மீ., வரம்புக்குள்’ என்று ஒரே ஒரு வரி நீட்டுவார்கள். அதை வாங்கிக்கொண்டு திரும்பக் கூடாது. தேதி, நேரம், வீட்டுக்குள்ள தூரம், 8 மில்லிவினாடிக்குள் வெடித்த அதிகபட்ச மருந்து, மூன்று திசை அலைவரைபடம், உச்சம் வந்த அதிர்வெண், காற்றதிர்ச்சி டெசிபல், ஜியோஃபோன் நின்ற இடம் ஆகிய எட்டும் சேர்ந்தால்தான் அறிக்கை. 4.2 மி.மீ. 45 ஹெர்ட்ஸில் வந்ததா, 6 ஹெர்ட்ஸில் வந்ததா என்பது அதில்தான் இருக்கிறது.