'பட்டன் எடுக்கல' என்று எழுதும் முன்: வேகமான பிளாட்ஃபார்மர் கேம்களும் அவற்றின் விமர்சனங்களும்

வேகமான இண்டி (சின்னக் குழுக்கள் சொந்தமாகச் செய்யும்) ஆக்‌ஷன் பிளாட்ஃபார்மர் (பலகை விட்டுப் பலகை குதித்து ஓடும் கேம்) எது வெளிவந்தாலும் விமர்சனப் பகுதியில் இரண்டு வரிகள் அருகருகே கிடக்கும். "கன்ட்ரோல் கையோட ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்பார் ஒருவர். "ஜம்ப் பட்டன் பாதி நேரம் எடுக்கவே மாட்டேங்குது, காசு தண்டம்" என்பார் அடுத்தவர். ஒரே கேம், ஒரே பதிப்பு. இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. கேம் சோதனை வேலையில் இந்த இரண்டாவது வரி வந்தால் முதலில் கேட்பது எந்தத் திரை, எந்தக் கன்ட்ரோலர், வயரா புளூடூத்தா என்பதைத்தான். கேமைத் திறந்து பார்ப்பது அதற்கப்புறம்.

விளையாடுகிறவர் "இந்த இடத்தில் ஏதோ சரியில்லை" என்றால் அநேகமாக அந்த இடத்தில் ஏதோ சரியில்லைதான். ஆனால் "இதனால்தான்" என்று அவர் சொல்லும் காரணத்தை அளந்து பார்க்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. அளப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கையில் இருக்கும் போனே போதும்.

விரலில் இருந்து திரை வரை

வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேமின், அதாவது திரையில் வரும் ஒரு தனிப் படத்தின், ஆயுள் 16.7 மில்லி வினாடி. பட்டனை அழுத்தியதும் அந்தச் செய்தி பல கைகள் மாறித்தான் திரைக்கு வருகிறது. வினாடிக்கு 125 முறை தகவல் சொல்லும் யூஎஸ்பி கன்ட்ரோலர் என்றால் முதல் கையிலேயே 8 மில்லி வினாடி வரை போய்விடும். கேம் அதைப் படித்து, கணக்குப் போட்டு, படம் வரைந்து அனுப்ப இரண்டு மூன்று ஃபிரேம் ஆகலாம். வி-சிங்க் (படத்தைத் திரையின் வேகத்தோடு ஒத்திசைக்கும் வசதி) போட்டிருந்தால் வரைந்த படம் வரிசையில் நிற்கும். கடைசியாகத் திரை. கணினி மானிட்டர் பெரும்பாலும் வம்பு செய்யாது. டிவிதான் வில்லன். படத்தை மெருகூட்டுகிறேன், அசைவை வழவழப்பாக்குகிறேன் என்று அது செய்யும் வேலைகளுக்கு மட்டும் சில டிவிகளில் 100 மில்லி வினாடிக்கு மேல் போகிறது. அதாவது ஆறு ஃபிரேம். இந்த வகை கேம்களில் ஆறு ஃபிரேம் என்பது பள்ளத்தைத் தாண்டுவதற்கும் பள்ளத்தில் விழுவதற்கும் நடுவில் உள்ள முழுத் தூரம்.

அளக்கும் முறை இது. போன் கேமராவை 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் வையுங்கள். கன்ட்ரோலரில் விரலும் பின்னால் திரையும் ஒரே சட்டத்துக்குள் தெரிய வேண்டும். கதாபாத்திரத்தைச் சமதரையில் நிறுத்திவிட்டு ஜம்ப் பட்டனைப் பட்டென்று பத்து முறை, நடுவில் ஒரு வினாடி இடைவெளி விட்டு அழுத்துங்கள். வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, பட்டன் அடிமட்டம் தொட்ட ஃபிரேமில் இருந்து கதாபாத்திரத்தின் உருவம் முதன்முதலாக மாறும் ஃபிரேம் வரை எண்ணுங்கள். கால் தரையை விட்டு எழும்பும் வரை காத்திருந்து எண்ணினால் கணக்குத் தப்பும். பல கேம்களில் எழும்புவதற்கு முன் உடல் ஒரு கணம் அமுங்கும், அதுவும் மாற்றம்தான். ஒரு வீடியோ ஃபிரேமுக்கு 4.17 மில்லி வினாடி. 24 எண்ணினால் 100 மில்லி வினாடி. பத்தில் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் தள்ளிவிட்டு, மீதி எட்டுக்குச் சராசரி எடுங்கள்.

எண்பதுக்குள் வந்தால் சாதனங்களின் மேல் பழியில்லை, கேமைத் தாராளமாகத் திட்டலாம். நூற்றிருபதைத் தாண்டினால் கேமைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு டிவி மெனுவுக்குள் போங்கள். 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்துவிட்டு மறுபடி அளங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி தனியாக இருந்தால் அதையும் அணையுங்கள். பிறகு கேமில் வி-சிங்க்கை அணைத்துப் பாருங்கள். படம் குறுக்கே கிழிவது கண்ணை உறுத்தினால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் மூன்றையும் மாற்றிவிட்டு "இப்போ பரவாயில்லை" என்று விட்டுவிட்டால், எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

புளூடூத் ஹெட்போனைப் பலர் மறந்துவிடுகிறார்கள். படம் நேரத்துக்கு வந்தாலும் சத்தம் 100 முதல் 300 மில்லி வினாடி வரை பின்தங்கி வரும். எதிரி வாளை ஓங்கும் சத்தத்தை வைத்துத் தடுப்பவர்கள் இதனால் ஒவ்வொரு முறையும் தாமதமாகத் தடுப்பார்கள். "பேரி டைமிங் உடைஞ்சிருக்கு" (பேரி என்றால் எதிரியின் அடியைச் சரியான கணத்தில் தடுப்பது) என்ற புகார்களில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது. வயர் ஹெட்போனை ஒருமுறை மாட்டிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

"சில நேரம் மட்டும் எடுக்கல" என்றால்

எப்போதும் தாமதம் என்பது ஒரு நோய், சில நேரம் மட்டும் பட்டன் விழவில்லை என்பது வேறு நோய். இரண்டாவதுக்குக் கீபோர்டைச் சந்தேகியுங்கள். விலை குறைந்த கீபோர்டுகளின் உள்வயரிங் ஒரே நேரத்தில் அழுத்தும் சில மூன்று பட்டன் கூட்டணிகளைப் படிக்காது. பேர்போன கூட்டணி: இடது அம்பு, மேல் அம்பு, ஸ்பேஸ் பார். வலப்பக்கம் ஓடிக்கொண்டே குதித்தால் சரியாக இருக்கிறது, இடப்பக்கம் மட்டும் சொதப்புகிறது என்றால் ஏறக்குறைய இதுதான். இடதும் மேலும் அழுத்திப் பிடித்தபடி ஸ்பேஸைத் தட்டிப் பாருங்கள். விழவில்லை என்றால் ஜம்ப்பை வேறு எழுத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. இந்த வகை கேம்கள் பலவற்றில் ஜம்ப், டேஷ் (ஒரு திசையில் சட்டென்று பாய்வது) எல்லாம் இசட், எக்ஸ், சி என்று கீழ்வரிசையில் உட்கார்ந்திருப்பது சும்மா இல்லை.

அனலாக் ஸ்டிக்கில் சிக்கல் வேறு மாதிரி. எட்டுத் திசை டேஷ் உள்ள கேமில் ஒவ்வொரு திசைக்கும் 45 டிகிரிதான் இடம். தேய்ந்த ஸ்டிக் நேர் மேலே தள்ளினாலும் ஓரமாகச் சாய்ந்து நிற்கும். நேராகப் போக வேண்டிய டேஷ் மூலைவாட்டில் போய் முள்ளில் குத்தும். டெட்ஸோனை (ஸ்டிக்கின் நடுவில் சின்ன அசைவைக் கேம் கண்டுகொள்ளாத பகுதி) 15 சதவீதத்தில் தொடங்கி, கை எடுத்த பிறகும் ஆள் தானாக நகர்வது நிற்கும் வரை கூட்டுங்கள். டெட்ஸோன், ஸ்டிக் நடுவில் நிற்கும்போது வரும் நடுக்கத்தை மட்டும்தான் சரிசெய்யும். மூலைவாட்டுப் பிரச்சினை போகாவிட்டால் டி-பேடுக்கு (கன்ட்ரோலரில் உள்ள சிலுவை வடிவத் திசைப் பட்டன்) மாறுவதே மேல்.

கேம் காட்டும் கருணை

சாதனங்கள் எல்லாம் சுத்தம் என்று ஆன பிறகுதான் கேமின் முறை வருகிறது. நல்ல பிளாட்ஃபார்மர்கள் ஆட்டக்காரருக்குத் தெரியாமல் நிறைய விட்டுக்கொடுக்கின்றன. 2018-இல் வந்த செலஸ்ட் இதற்குப் பாடப்புத்தகம். அதன் கதாபாத்திர நிரலை உருவாக்கியவர்களே பொதுவில் வைத்திருப்பதால் எண்களை ஊகிக்க வேண்டியதில்லை. விளிம்பை விட்டு ஓடிய பிறகும் 0.1 வினாடி வரை ஜம்ப் செல்லும். கயோட்டி டைம் என்பார்கள். ஓட்ட வேகம் வினாடிக்கு 90 பிக்சல், ஆகவே 0.1 வினாடியில் 9 பிக்சல். ஆளின் மோதல் பெட்டியின் (மோதலைக் கணக்கிட உடம்பைச் சுற்றி கேம் வைக்கும், கண்ணுக்குத் தெரியாத பெட்டி) அகலமே 8 பிக்சல்தான். அதாவது உடம்பு முழுக்க அந்தரத்தில் இருக்கும்போது அழுத்தினாலும் கேம் பெருந்தன்மையாகக் குதிக்க விடுகிறது. மேலே எழும்பும்போது தலை ஒரு மூலையில் 4 பிக்சலுக்குள் இடித்தால் பக்கவாட்டில் நகர்த்தி ஏற்றிவிடுகிறது. ஜம்ப்பைப் பிடித்திருந்தால் உச்சியில் ஈர்ப்பைப் பாதியாக்கி, இறங்கும் இடத்தைப் பார்த்துத் திருத்த ஒரு மூச்சு நேரம் தருகிறது.

"கையோட ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்ற பாராட்டு பெரும்பாலும் இந்தச் சலுகைகளுக்கான பாராட்டு. "கரெக்டா விளிம்புலதான் அழுத்தினேன், விழுந்துட்டேன்" என்ற புகார் பெரும்பாலும் இவை இல்லாததன் புகார். விளையாடுகிறவர் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று ஃபிரேம் கழித்துத்தான் அழுத்தியிருப்பார். வீடியோவைப் போட்டுக் காட்டி அவரைத் திருத்துவதில் பயனில்லை, சலுகையைச் சேர்ப்பதுதான் வேலை.

சின்னக் குழுக்கள் இங்கே அடிக்கடி விழும் குழி ஒன்று: சலுகையை வினாடியில் வைக்காமல் ஃபிரேமில் வைப்பது. 60-இல் ஆறு ஃபிரேம் என்றால் 0.1 வினாடி. ஃபிரேம் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்காமல் விட்டால் 120-இல் அதே ஆறு ஃபிரேம் 0.05 வினாடியாகச் சுருங்கிவிடும். நல்ல மானிட்டர் வைத்திருப்பவர் கேம் கொடூரமாக இருக்கிறது என்பார், பழைய லேப்டாப்காரர் ஒன்றும் பிரச்சினையில்லையே என்பார். இன்னொரு குழி, தரையைத் தொடுமுன் அழுத்திய ஜம்ப்பை நினைவில் வைக்கும் பஃபர். குறைவாக இருந்தால் பட்டன் எடுக்கவில்லை என்று புகார் வரும். கால் வினாடி அளவுக்கு நீட்டினால் "தானா குதிக்குது" என்று வரும். இரட்டை ஜம்ப் (அந்தரத்தில் இருக்கும்போதே இன்னொரு முறை குதிப்பது) உள்ள கேமில் கயோட்டி டைம் சரியாக இல்லாவிட்டால், விளிம்பில் அழுத்திய முதல் ஜம்ப்பே இரண்டாவதாகக் கணக்கில் போய்விடும். "டபுள் ஜம்ப் சில நேரம் வர்றதில்ல" என்று எழுதுகிறவருக்கு நடப்பது இதுதான்.

படம் துடிக்கிறது என்ற புகாருக்கும் எண்ணிலேயே விடை இருக்கும். அசைவுக் கணக்கை வினாடிக்கு 60 முறை போடும் கேமை வினாடிக்கு 144 படம் காட்டும் (144 ஹெர்ட்ஸ்) மானிட்டரில் ஓட்டினால் ஒரு கணக்குக்கு 2.4 படம் வரும். சில கணக்கு இரண்டு முறையும் சில மூன்று முறையும் காட்டப்படும், ஓட்டம் நொண்டும். மானிட்டரை 120-க்கு இறக்கினால் சீராகிவிடும்.

"கஷ்டம்" என்ற ஒற்றைச் சொல்

விமர்சனங்களில் மிகவும் ஏமாற்றும் சொல் இது. அதற்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு புகார்கள் ஒளிந்திருக்கும்.

முதலாவது, எதிரியின் அடியைப் பார்த்துத் தப்பிக்க நேரமில்லை என்பது. கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதருக்குச் சுமார் 250 மில்லி வினாடி ஆகும். எதிரி 20 ஃபிரேம் ஓங்கிவிட்டு அடிக்கிறான் என்றால் 333 மில்லி வினாடி. சாதனத் தாமதம் 40 உள்ளவருக்கு 293 மிச்சம், சமாளிப்பார். தாமதம் 120 உள்ளவருக்கு 213 தான் மிச்சம். அவரால் பார்த்துத் தப்பிக்க முடியாது, மனப்பாடம் செய்தால்தான் உண்டு. முதலாமவர் சவால் என்று எழுதுவார், இரண்டாமவர் அநியாயம் என்று எழுதுவார்.

இரண்டாவது, செத்தபின் ஆகும் நேரம். 2010-இல் வந்த சூப்பர் மீட் பாய் கடுமையான கேம்தான். ஆனால் செத்த மறுகணமே தொடக்கத்தில் நிற்பீர்கள். அதனால் நாற்பது முறை செத்தவரும் சிரித்துக்கொண்டே எழுதினார். அதே நாற்பது சாவுக்கும் பாஸ் (கட்டத்தின் பெரிய எதிரி) அறைக்கு ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் நடக்க வைத்தால் 20 நிமிடம் வெறும் நடை. எரிச்சல் அந்த நடையில் இருக்கும், எழுத்தில் "பாஸ் ரொம்பக் கஷ்டம்" என்று வரும். பாஸை இளக்கினாலும் புகார் முழுதாகப் போகாது.

மூன்றாவது, தவறுக்கான அபராதம். 2025 செப்டம்பரில் வந்த ஹாலோ நைட்: சில்க்சாங் பற்றி அதிகம் பேசப்பட்டது இதுதான். தொடக்கத்தில் ஐந்து முகமூடி உயிர், பல எதிரிகளின் ஒரு அடிக்கு இரண்டு போகும், மூன்றாவது அடியில் கதை முடிந்தது. வெளியான சில நாட்களிலேயே தொடக்கக் கட்டத்துக் கடுமையைச் சற்றுக் குறைத்துத் திருத்தம் வந்தது.

உதவி வசதிகளைப் பயன்படுத்துவது குறைச்சல் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செலஸ்ட்டில் வேகத்தைப் பாதிவரை குறைக்கலாம். டெட் செல்ஸ் 2018-இல் முழுமையாக வெளிவந்து நான்கு ஆண்டுக்குப் பிறகு, 2022-இல் உதவி வசதியைச் சேர்த்தது. கை நடுக்கம் உள்ளவரும் பெரிய டிவி மட்டுமே உள்ளவரும் அதை வைத்துக் கேமை முடிக்கிறார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

சதவீதத்தைப் படிக்கும் விதம்

கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் தெரியும் 92 சதவீதம் என்பது நூற்றுக்கு 92 மதிப்பெண் இல்லை. நூறு பேரில் 92 பேர் கட்டைவிரலை மேலே காட்டினார்கள், அவ்வளவுதான். "சுமார், ஆனா வாங்கலாம்" என்பவரும் அதில் ஒருவர். ஒவ்வொரு விமர்சனத்தின் மேலும் எழுதும்போது விளையாடியிருந்த நேரம் இருக்கும், அதைப் பார்க்காமல் உள்ளே போகாதீர்கள். ஒரு மணி நேரத்தில் எழுதியவர் கன்ட்ரோலையும் முதல் கட்டத்தையும் பற்றி நம்பத்தகுந்த சாட்சி. நாற்பது மணி நேரக்காரருக்குத் தொடக்கத்தில் கை எங்கே தடுமாறியது என்பது மறந்தே போயிருக்கும், கடைசிக் கட்டங்களைப் பற்றி அவரைக் கேளுங்கள். மொழியையும் பாருங்கள். சில்க்சாங்குக்கு உலகமே கைதட்டியபோது எளிய சீன எழுத்தில் வந்த விமர்சனங்களில் மட்டும் மதிப்பு சரிந்தது. முக்கியக் காரணம் மொழிபெயர்ப்பு. அந்தச் சரிவை வைத்துக் கன்ட்ரோலை எடைபோட்டால் தப்பு.

திரை குலுங்கல், பளிச்சிடல் பற்றிய புகார்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எடுக்க வேண்டும். ஒரு வினாடிக்கு மூன்றுக்கு மேல் பளிச்சிடுவது ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. அணைக்க வசதி இருக்கிறதா என்பதை விமர்சனத்தில் ஒரு வரி எழுதினால் யாருக்கோ உதவும். பெருவிரல் அடியில், மணிக்கட்டுப் பக்கம் வலி தொடங்கினால் அன்றைக்குக் கன்ட்ரோலரைக் கீழே வையுங்கள். நாள்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

எழுதும்போது "லேக் அடிக்குது" என்பதை வைத்து யாரும் எதையும் சரிசெய்ய முடியாது. "60 ஹெர்ட்ஸ் டிவி, கேம் மோட் ஆன், வயர் கன்ட்ரோலர், அளந்தது 75 மில்லி வினாடி, இரண்டாம் கட்டத்தில் நகரும் பலகையில் இருந்து குதிக்கும்போது மட்டும் ஜம்ப் விழவில்லை" என்று எழுதினால் நிரல் எழுதுகிறவர் நேராக அந்தப் பலகைக்குப் போவார். நகரும் பலகையில் நிற்பவரைத் தரையில் நிற்பவராகக் கேம் ஒரு ஃபிரேம் விட்டு ஒரு ஃபிரேம் மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கும். இந்தப் பிழையை இந்த வகை கேம்களில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

ஸ்டீமில் பணம் திரும்பக் கேட்க, வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். போன் வைத்து அளக்கும் வேலைக்குப் பத்து நிமிடம் போதும். முதல் பத்து நிமிடத்திலேயே அதை முடித்துவிடுங்கள்.